கடல்மேல் விழுந்த கதிரியக்கச் சாம்பல்: விமான அளவீட்டில் எங்கே தவறுகிறோம்?

1954 மார்ச் 1 அன்று பசிபிக் கடலின் பிகினி பவளத்தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டான காசில் பிராவோ, கணித்த 6 மெகாடன்னைத் தாண்டி 15 மெகாடன்னாகப் போனது. பொடியான பவளப்பாறை வெள்ளைச் சாம்பலாகக் கிழக்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குக் கொட்டியது. நெப்டியூன் ரகக் கடற்படை விமானங்கள் சிண்டிலேஷன் கவுண்டரோடு (கதிர்வீச்சை எண்ணும் கருவி) மார்ஷல் தீவுகள்மேல் தாழப் பறந்து அதை அளந்தன. அப்படிப்பட்ட அளவீடுகளைக் கையாளும்போது நேரும் பிழைகளில் பெரும்பாலானவை, கடலையும் தரையாக நினைப்பதால் வருபவை.

முதல் தவறு, கடல்மேல் பறக்கும்போது கருவியின் முள் அசையவில்லை என்றால் அங்கே சாம்பல் விழவில்லை என்று எழுதிவிடுவது. சாம்பலில் உள்ள கதிரியக்கப் பொருள்களில் ஒன்றான சீசியம்-137 உமிழும் காமா கதிரைப் பாதியாகக் குறைக்கக் காற்றில் சுமார் 75 மீட்டர் வேண்டும். தண்ணீரில் 8 சென்டிமீட்டரே போதும். அரை மீட்டர் ஆழத்துக்குக் கீழே இருப்பது விமானத்துக்குத் தெரியவே தெரியாது. மணல்போன்ற கனத்த துகள்கள் சில மணி நேரத்தில் மூழ்கிவிடும். கரைந்தது, வெப்பமண்டலக் கடலின் நன்கு கலக்கும் மேலடுக்கில் ஏறக்குறைய 100 மீட்டர்வரை பரவும். அப்படிச் சீராகப் பரவிவிட்டால், விழுந்ததில் இருநூறில் ஒரு பங்குகூட அந்த மேல் அரை மீட்டரில் மிஞ்சாது. பிகினிக்குக் கிழக்கே மீன்பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஐந்தாம் எண் ஃபுகுரியூ மாருவின் தளத்தில் அதே சாம்பல் படிந்து கிடந்தது. அதில் இருந்த 23 பேரும் நோயுற்றார்கள். மரப்பலகைமேல் தங்கியது, பக்கத்துத் தண்ணீரில் தங்கவில்லை, அவ்வளவுதான். ஆகவே கப்பலிலிருந்து கவுண்டரைப் பல ஆழங்களுக்கு இறக்கிப் பார்த்து, அந்த ஆழக்கணக்கோடுதான் விமான எண்ணைப் பெருக்க வேண்டும். 1956இன் ரெட்விங் அணுகுண்டுச் சோதனைகளில் விமானமும் கப்பலும் சேர்ந்து இறங்கியது இதற்காகத்தான்.

தண்ணீர் நிற்பதும் இல்லை. அரை நாட் (மணிக்கு அரைக் கடல்மைல்) வேக நீரோட்டம் ஒரே நாளில் 22 கிலோமீட்டர் இழுத்துப்போகும். மூன்றாம் நாள் பார்த்த இடத்தை விழுந்த இடமாக வரைபடத்தில் குறிப்பது இரண்டாவது தவறு.

தீவுகளில் தொல்லை வேறு மாதிரி. விமானத்தின் உயரத்தில் எடுத்த எண்ணைத் தரை அளவாக மாற்றும் உயரத் திருத்தக் கணக்கு, எல்லாத் திசையிலும் முடிவில்லாமல் விரிந்த சமதளத்தை மனதில் வைத்துப் போட்டது. ரோங்கெலாப் போன்ற பவளத்தீவின் திட்டுகளோ குறுகலானவை. 200 மீட்டர் விட்டமுள்ள ஒரு திட்டின் நடுவே 60 மீட்டர் உயரத்தில் பறந்தால், சிதறாமல் நேராக வரும் கதிர்களில், முடிவிலாச் சமதளம் தரக்கூடியதில் சுமார் 60 சதவீதம்தான் கிடைக்கும். 150 மீட்டருக்கு ஏறினால் மூன்றில் ஒரு பங்கு. சுற்றியுள்ள கடற்காயல் ஏறக்குறைய எதுவும் தருவதில்லை. திட்டின் அளவுக்கென்று தனித் திருத்தம் போடாதவர், தீவில் இருப்பவர்களுக்கான ஆபத்தைக் குறைத்துச் சொல்கிறார். விமானம் நொடிக்கு 100 மீட்டர் போகிறது. கருவிக்கு எண் காட்ட இரண்டு நொடி பிடித்தால், சின்னத் திட்டின் உச்ச அளவு பதிவாகும் முன்பே கடல் வந்துவிடும். ஒரு தீவிலாவது இறங்கி, தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் கைக்கருவியால் அளந்து ஒப்பிடாமல் எந்தத் திருத்தத்தையும் நம்பக் கூடாது.

உயரத்துக்கு ரேடார் உயரமானி வேண்டும். காற்றழுத்த உயரமானியில் 1 மில்லிபார் பிசகினால் 8 மீட்டர் போச்சு.

நேரத்தைக் குறிக்காத அளவு வெறும் எண். வெடித்ததிலிருந்து கழிந்த நேரம் ஏழு மடங்கானால் கதிர்வீச்சு பத்தில் ஒன்றாகும் என்பது பழகிய விதி, நேரத்தின் 1.2 அடுக்குக்கேற்பக் குறைவதாகக் கணக்கு. வெடித்த 20ஆம் மணியில் ஒரு தீவையும் 26ஆம் மணியில் அடுத்ததையும் அளந்தால், இரண்டிலும் ஒரே அளவு சாம்பல் இருந்தாலும் பின்னது 27 சதவீதம் குறைவாகத் தெரியும். எல்லாவற்றையும் ஒரே நேரத்துக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும். ஆனால் இந்த விதியைக் கண்மூடிப் பிடித்துக்கொள்வதும் தவறு: பிராவோ போன்ற, யுரேனியம் உறை போட்ட குண்டுகளின் சாம்பலில் நெப்டியூனியம்-239 என்ற கதிரியக்கப் பொருள் (பாதியாகக் குறையும் காலம், அதாவது அரை ஆயுள், 2.36 நாள்) ஏராளம். அதனால் முதல் சில நாட்களில் குறைவு விதிப்படி போகாது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அளந்து சொந்த வளைகோடு வரைந்துகொள்வது மேல்.

விமானத்தையே சந்தேகப்பட வேண்டும். கதிரியக்கச் சாம்பல் மேகத்துக்குள் நுழைந்து வந்தால் இறக்கையில் தூசி ஒட்டும். அதன்பின் எங்கே பறந்தாலும் கதிர்வீச்சுதான். அந்தக் கால விமானங்களில் ரேடியம் பூசி ஒளிரும் முகப்புகளும் பின்னணி அளவை (சாம்பல் இல்லாத இடத்திலும் கருவி காட்டும் எண்ணை) ஏற்றின. கிளம்பியதும் திரும்பும்போதும் சுத்தமான கடல்மேல் பின்னணியை எடுத்துக் கழிப்பது கட்டாயம். இரண்டுக்கும் இடையே எண் கூடியிருந்தால் நடுவில் எங்கோ விமானம் அழுக்கானது என்று பொருள்.

இன்னொன்று, விமானம் பார்ப்பது காமாவை மட்டும். சாம்பல் உமிழும் இன்னொரு கதிரான பீட்டா காற்றில் சில மீட்டரே போகும். ரோங்கெலாப் மக்களின் தோலில் புண்ணாக்கியது அந்த பீட்டாதான். விமான எண்ணிலிருந்து தோல் பாதிப்பைச் சொல்லவே முடியாது.

கடைசியாக வரைபடம். பிராவோ சாம்பலுக்கு வெவ்வேறு அமைப்புகள் வரைந்த சமஅளவுக் கோடுகள் (ஒரே கதிர்வீச்சு அளவுள்ள இடங்களை இணைப்பவை) ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. கையில் இருந்தவை சில தீவுகளின் எண்கள். இடையில் கிடந்த கடலை அவரவர் ஊகம் நிரப்பியது. விமானம் பறந்த தடத்தை வரைபடத்திலேயே போட்டு, தடம் இல்லாத இடத்தில் கோட்டைப் புள்ளிக்கோடாக விட்டுவிடுங்கள்.