வலது கோடியிலிருந்து படியுங்கள்: வங்கியின் பெயரில் வரும் மின்னஞ்சல்

தைப்பூசத்துக்கு முதல் நாள் இரவு. பினாங்குத் தண்ணீர்மலை அடிவாரத்துப் பந்தலுக்காகக் கடலை ஊறவைத்துக்கொண்டிருந்த அத்தைக்கு மின்னஞ்சல் வந்தது: ‘உங்கள் கணக்கு 24 மணி நேரத்தில் முடக்கப்படும்.’ சின்னம், நிறம் எல்லாம் அச்சு அசல். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு இணைப்பைத் தொடப் போனார்.

“வங்கிப் பெயர்தானே போட்டிருக்கிறது?” என்றார். முதல் தவறே அதுதான். அனுப்புநர் பெயரை யாரும் எப்படியும் வைத்துக்கொள்ளலாம். பெயருக்குப் பின்னாலுள்ள மின்னஞ்சல் முகவரியையும் போலியாகக் காட்ட முடியும். அது சரியாக இருப்பதும் அத்தாட்சி ஆகாது.

கணினியில் திறந்து, சொடுக்காமல், இணைப்பின்மேல் சுட்டியை வைத்துப் பார்த்தோம். வங்கியின் பெயர், புள்ளி, காம், புள்ளி, ‘எம்ஒய்-அப்டேட்’, புள்ளி, நெட், அப்புறம் சாய்கோடு. இடப்பக்கமிருந்து படித்தால் வங்கிதான். ஆனால் தளம் யாருடையது என்று அறிய அந்தச் சாய்கோட்டிலிருந்து பின்னோக்கிப் படிக்க வேண்டும். அப்படிப் படித்தால் உரிமையாளர் ‘எம்ஒய்-அப்டேட்.நெட்’. வங்கியின் பெயர் அவன் வாசலில் மாட்டிய பலகை, அவ்வளவுதான்.

பூட்டுப் படம் இருக்கிறதே என்பார்கள். வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்குத்தான் அந்தப் பூட்டு. மறுமுனையில் இருப்பவன் யோக்கியன் என்பதற்கு அல்ல. எழுத்துப்பிழையைத் தேடுவதும் வீண். இப்போதெல்லாம் மோசடிக்காரர்களின் மலாய் என் மலாயைவிட நன்றாக இருக்கிறது.

2022இல் மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, பணம் அனுப்புவதை உறுதிசெய்யக் குறுஞ்செய்தியில் வரும் டிஏசி எண்ணைக் கைவிட்டு வேறு பாதுகாப்பான முறைக்கு மாறும்படி வங்கிகளைப் பணித்தது. பல வங்கிகளில் இப்போது செயலியில்தான் ஒப்புதல். இதையும் திருடர்கள் வளைத்துக்கொண்டார்கள். போலிப் பக்கத்தில் நீங்கள் கடவுச்சொல்லைத் தட்டும் அதே நொடியில் அவன் அதை உண்மையான தளத்தில் போடுகிறான். உங்கள் செயலியில் ஒப்புதல் கேட்கிறது. நாம் உள்ளே நுழைவதற்குத்தான் கேட்கிறது என்று நினைத்து அழுத்திவிடுகிறோம். அதில் தொகையும் பெறுபவர் பெயரும் இருந்தாலும், அவசரத்தில் யார் படிக்கிறார்கள்?

அத்தை செயலியைத் தாமே திறந்து பார்த்தார். எந்த அறிவிப்பும் இல்லை. கடலைக்குத் திரும்பிவிட்டார்.

அழுத்திவிட்டவர்கள் செய்யும் தவறு வேறு: வெட்கப்பட்டு, விடியட்டும் என்று காத்திருப்பது. வங்கியின் அவசர எண்ணையோ, தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணையோ அப்போதே அழைக்க வேண்டும். வங்கி எண்ணை அட்டையின் பின்புறத்தில் பாருங்கள், மின்னஞ்சலில் அல்ல. நீங்கள் தயங்கும் நேரத்தில் பணம் ஒரு கழுதைக் கணக்கிலிருந்து (திருட்டுப் பணத்தைக் கைமாற்ற மோசடிக்காரர்கள் பயன்படுத்தும் பிறர் கணக்கு) இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டிருக்கும்.