கேபினெட்டைத் திறந்து தூசி தட்டுவோம்: முதல்முறை செய்பவர்களுக்கான செய்முறை

வாங்கிய புதிதில் சத்தமே இல்லாமல் ஓடிய கணினி, இப்போது பிரவுசரில் நாலு டேப் திறந்தாலே இரைகிறது. கேம் விளையாடினால் பத்து நிமிடத்தில் தடுமாறுகிறது. உடனே வைரஸாக இருக்குமோ, விண்டோஸை மறுபடி போடலாமா, ரேமை ஏற்றலாமா என்றுதான் யோசனை ஓடும். அதற்கெல்லாம் முன்னால் கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றிப் பாருங்கள். பல நேரம் காரணம் உள்ளேயே அப்பிக்கொண்டு இருக்கும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூசியால் கணினி கெடுவதற்கு வருடக்கணக்கில் ஆகும். தூசியைத் துடைக்கப் போன கையால் ஒரு நொடியில் கெட்டுவிடும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். ‘இதைத் தொடாதீர்கள்’ என்று சொல்லியிருக்கும் இடங்களில் ஆர்வக்கோளாறு வேண்டாம். வாரண்டி இன்னும் முடியவில்லை என்றால், கேபினெட்டைத் திறக்க அனுமதி உண்டா என்று வாங்கிய இடத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

படி 1: திறக்கும் முன் வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

இதைப் பலர் செய்வதில்லை. சுத்தம் செய்ததால் பலன் இருந்ததா என்று தெரிய, முன்பு எவ்வளவு இருந்தது என்பது தெரிந்திருக்க வேண்டுமே. கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டு, கணினி சும்மா இருக்கும்போதும், அரைமணி நேரம் கனமான வேலை செய்த பிறகும் ப்ராசஸரின் வெப்பத்தைப் பாருங்கள்.

சும்மா இருக்கும்போது 35 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் கவலையில்லை. கனமான வேலையில் 70, 80 என்று ஏறுவதும் இயல்புதான். பெரும்பாலான டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் 95 முதல் 100 டிகிரியை நெருங்கும்போது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கேம் தடுமாறுவதற்குக் காரணம் பல சமயம் இதுதான். அதையும் தாண்டினால் கணினி பட்டென்று அணைந்துவிடும். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் சில, முழு வேலையில் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. உங்களுடையது அந்த ரகமாக இருந்தால் அந்த எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம்.

படி 2: மின்சாரத்தை முழுதாக விலக்குங்கள்

ஸ்லீப்பில் போடுவது போதாது, ஷட் டவுன் செய்யுங்கள். பின்பக்கம் பவர் சப்ளையில் இருக்கும் சுவிட்சை அணைத்து, பவர் கேபிளை உருவி எடுங்கள். அப்புறம் முன்பக்க பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து நொடி அழுத்திப் பிடியுங்கள். மதர்போர்டில் மிச்சம் தேங்கியிருக்கும் மின்னூட்டம் வடிந்துவிடும்.

மற்ற கேபிள்களைக் கழற்றும் முன் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கக் கதவைத் திறந்ததும் உள்ளேயும் இரண்டு மூன்று எடுங்கள். எந்த ஒயர் எங்கே இருந்தது என்று பிறகு மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ள வேண்டியிருக்காது.

இங்கே ஒரு கண்டிப்பான விதி: பவர் சப்ளைப் பெட்டியின் மூடியைக் கழற்றவே கூடாது. கேபிளை உருவிய பிறகும் அதனுள் இருக்கும் கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். அந்தப் பெட்டியை வெளியிலிருந்து சுத்தம் செய்தால் போதும்.

படி 3: உடம்பில் இருக்கும் மின்னூட்டத்தை இறக்குங்கள்

பாலியெஸ்டர் சட்டையைக் கழற்றும்போது சடசடவென்று கேட்கிறதே, அந்த நிலைமின்சாரம்தான் இங்கே பிரச்சினை. கையில் சுருக்கென்று உணர நமக்கு ஏறக்குறைய 3000 வோல்ட் தேவை. ஒரு சிப் கெடுவதற்கு அதில் சிறு பங்கு போதும். அதாவது உங்களுக்கு எதுவுமே தெரியாமல் ஒரு ரேமைக் கொன்றுவிடலாம்.

தரைவிரிப்பின் மேல் உட்கார்ந்து வேலை செய்யாதீர்கள். உள்ளே கை வைக்கும் முன் கேபினெட்டில் பெயிண்ட் அடிக்காத உலோகப் பகுதியைத் தொடுங்கள். எழுந்து போய்விட்டு வந்தால் மறுபடியும் தொடுங்கள். கையில் கட்டும் ஆன்டிஸ்டேட்டிக் பட்டை இருந்தால் இன்னும் நல்லது, இல்லையென்றாலும் இந்தப் பழக்கம் பெருமளவு காப்பாற்றும். எந்த கார்டை எடுத்தாலும் ஓரங்களில் பிடியுங்கள். தங்க நிறப் பட்டைகளில் விரல் படக்கூடாது.

படி 4: தூசி

தேவையானவை கொஞ்சம்தான்: நட்சத்திர முனை ஸ்க்ரூ டிரைவர், மென்மையான முடி கொண்ட புது பெயிண்ட் பிரஷ், ஏர் ப்ளோயர் அல்லது அழுத்தக் காற்று டப்பா, மைக்ரோஃபைபர் துணி. கேபினெட்டை வெளியே காற்றோட்டமான இடத்துக்குத் தூக்கிப் போய் விடுங்கள். அறைக்குள் செய்தால் தூசி சுற்றிச் சுற்றி அதே கணினிக்குள்தான் மறுபடி போகும். மூக்கில் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

வாயால் ஊதக்கூடாது, எச்சில் தெறிக்கும். வீட்டு வேக்குவம் கிளீனரின் குழாயை மதர்போர்டுக்குப் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள். அதன் பிளாஸ்டிக் முனையில் நிலைமின்சாரம் உண்டாகும். காற்று டப்பா வைத்திருப்பவர்கள் அதை நிமிர்த்திப் பிடித்தே அடிக்க வேண்டும். சாய்த்தாலோ கவிழ்த்தாலோ உள்ளிருக்கும் திரவம் அப்படியே வெளியே வந்து, படும் இடத்தை உறைய வைத்துவிடும். விட்டு விட்டு, சிறு சிறு வீச்சாக அடியுங்கள்.

ஃபேனுக்கு அடிக்கும்போது இறக்கைகளை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொள்ள மறக்காதீர்கள். காற்றின் வேகத்தில் ஃபேன் விர்ரென்று சுற்றும். கேட்க ஜாலியாக இருக்கும், ஆனால் அதற்கென்று வகுத்த வேகத்தைத் தாண்டிச் சுற்றினால் பேரிங் போய்விடும். தவிர, சுற்றும் மோட்டார் தானே மின்சாரம் உற்பத்தி செய்து மதர்போர்டுக்குத் திருப்பி அனுப்பவும் வாய்ப்புண்டு.

இப்போது முக்கியமான இடம், ப்ராசஸரின் மேல் உட்கார்ந்திருக்கும் ஹீட் சிங்க். மேலே ஃபேன், அதற்குக் கீழே நெருக்கமான அலுமினியத் தகடுகள். பெரும்பாலானவர்கள் இறக்கைகளைப் பளிச்சென்று துடைத்துவிட்டு வேலை முடிந்தது என்று மூடிவிடுவார்கள். வெப்பம் ஒரு டிகிரி கூடக் குறைந்திருக்காது. ஏனென்றால் உண்மையான அடைப்பு ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே தூசியும் முடியும் பஞ்சும் சேர்ந்து சாம்பல் நிறப் போர்வை மாதிரி படிந்திருக்கும். ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் காற்று அதைத் தாண்டித் தகடுகளுக்குள் போகாது. டார்ச் அடித்து இறக்கைகளின் இடுக்கு வழியாகப் பார்த்தால் தெரியும்.

பல கூலர்களில் ஃபேனை மட்டும் தனியாகக் கழற்றலாம், நாலு திருகாணியோ இரண்டு கம்பிக் கிளிப்போதான் இருக்கும். ஹீட் சிங்கை அசைக்காமல் ஃபேனை மட்டும் எடுத்தால், அந்தத் தூசிப் போர்வையை விரலாலேயே உரித்து எடுத்துவிடலாம். மிச்சத்தைப் பிரஷால் தட்டிவிட்டு, தகடுகள் போகும் திசையிலேயே காற்றை அடியுங்கள். குறுக்கே தேய்த்தால் தகடுகள் வளையும்.

கிராஃபிக்ஸ் கார்டின் ஃபேன், கேபினெட் ஃபேன்கள், பவர் சப்ளையின் காற்றுத் துளைகள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். முன்பக்கத்தில் வலை போன்ற ஃபில்டர் இருந்தால் கழற்றித் தண்ணீரில் கழுவலாம், ஆனால் சொட்டு ஈரம் இல்லாமல் காய்ந்த பிறகே மாட்டுங்கள்.

படி 5: ரேம் (தேவைப்பட்டால் மட்டும்)

கணினி நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் ரேமைத் தொடாதீர்கள். ஆன் செய்தால் பீப் சத்தம் மட்டும் வருகிறது, திரையில் ஒன்றுமில்லை என்றால்தான் இந்தப் படி. ஓரத்துத் தாழ்களை விலக்கி ரேமை எடுத்து, அடிப்பகுதியின் தங்கப் பட்டைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் மெதுவாகத் துடையுங்கள். 90 சதவீதத்துக்கு மேல் உள்ளதாக வாங்குங்கள். 70 சதவீதம் என்று போட்டிருப்பதில் மீதி பெரும்பாலும் தண்ணீர்.

பென்சில் ரப்பரால் தேய்க்கச் சொல்லும் வைத்தியம் எல்லாருக்கும் தெரியும். வேலை செய்யும்தான், ஆனால் அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது, அடிக்கடி தேய்த்தால் பூச்சே போய்விடும். கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் பல சமயம் ரேமைக் கழற்றி மறுபடி ‘க்ளிக்’ என்று தாழ் விழும்வரை அழுத்தினாலே சரியாகிவிடும்.

படி 6: தெர்மல் பேஸ்ட் (இதுவும் தேவைப்பட்டால்தான்)

ப்ராசஸரின் வெப்பம் ஹீட் சிங்குக்குப் போக, இரண்டுக்கும் நடுவில் தடவியிருக்கும் பசைதான் தெர்மல் பேஸ்ட். தூசியை எடுத்த பிறகும் வெப்பம் குறையவில்லை என்றால் அது காய்ந்திருக்கலாம். முதல்முறை திறப்பவர்கள் இதை அடுத்த தடவைக்குத் தள்ளிவைப்பதே என் யோசனை. செய்துதான் ஆக வேண்டும் என்றால், கணினியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, படி 2-ஐயும் 3-ஐயும் மறுபடி செய்துவிட்டு இறங்குங்கள். சூட்டில் பேஸ்ட் இளகியிருக்கும். ஹீட் சிங்கின் பிடிமானங்களை விடுவித்ததும் நேராக இழுக்காமல், இடமும் வலமும் லேசாகத் திருகி எடுங்கள். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் (ப்ராசஸர் உட்காரும் இடம்) நேராக இழுத்தால் ப்ராசஸரே ஒட்டிக்கொண்டு வந்துவிடலாம், அதன் அடியில் இருக்கும் பின்கள் வளைந்துவிடலாம். இன்டெல்லிலும் ஏஎம்5-இலும் பின்கள் சாக்கெட்டில் இருக்கும். ப்ராசஸரை வெளியே எடுக்காமல் அங்கேயே துடையுங்கள்.

பழைய பேஸ்ட்டை ஆல்கஹாலால் முழுக்கத் துடைத்துவிட்டு, நடுவில் ஒரு பட்டாணி அளவுக்குப் புது பேஸ்ட் வையுங்கள். ஹீட் சிங்கின் அழுத்தமே அதைப் பரப்பிவிடும். திருகாணிகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஃபேன் ஒயரை அதன் இடத்தில் செருகினீர்களா என்று இன்னொரு முறை பாருங்கள்.

படி 7: முதல் ஸ்டார்ட்

பக்கக் கதவை மூடாமலேயே ஆன் செய்து, எல்லா ஃபேனும் சுற்றுகிறதா, எந்த ஒயராவது இறக்கையில் இடிக்கிறதா என்று கண்ணால் மட்டும் பாருங்கள். திரை வரவில்லையா? மானிட்டர் கேபிளை கிராஃபிக்ஸ் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருப்பீர்கள். அதுவும் இல்லையென்றால் ரேம் சரியாக உட்காரவில்லை. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதியும் நேரமும் பழையதற்கே போகிறது என்றால் மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 என்ற 3 வோல்ட் பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கிறது. அதை மாற்றுவது கைக்கடிகார பேட்டரி மாற்றுவதைவிட எளிது.

எல்லாம் சரி என்றால் கதவை மூடிவிட்டு, படி 1-இல் பார்த்த அதே வெப்பத்தை மறுபடி பாருங்கள். இனி கேபினெட்டைத் தரையில் வைக்காமல் ஒரு அடி உயரத்திலாவது வையுங்கள், பின்பக்கம் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். அடுத்த சுத்தத்துக்கு நிறைய நாள் ஆகும்.

தூசி போயிற்று, மின்சாரம்?

நாலு பிளக் செருகும் சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதையும் பாதுகாக்காது. சர்ஜ் ப்ரொடெக்டர் என்று குறிப்பிட்டு விற்பதுதான் மின்னழுத்தம் திடீரென்று எகிறும்போது அதைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். அதுவும் நிரந்தரம் இல்லை. ஒவ்வொரு அடியிலும் உள்ளிருக்கும் பாகம் கொஞ்சம் தேயும், ஒருநாள் வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸாகிவிடும். பாதுகாப்பு இருப்பதைக் காட்டும் விளக்கு அணைந்துவிட்டால் மாற்றிவிடுங்கள்.

கேபினெட்டைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்கிறதா? பெரும்பாலும் எர்த் இணைப்பு இல்லை என்று அர்த்தம். எர்த் இல்லாத பிளக்கில் சர்ஜ் ப்ரொடெக்டரும் முழுதாக வேலை செய்யாது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், இது நாமே பார்த்துக்கொள்ளும் வேலை இல்லை. யுபிஎஸ் வைத்திருந்தால் லேசர் பிரிண்டரை அதில் மாட்டாதீர்கள். சூடேறும் நொடியில் அது இழுக்கும் மின்சாரத்தைச் சின்ன யுபிஎஸ் தாங்காது. இடி மின்னல் சமயத்தில் பவர் கேபிளோடு நெட்வொர்க் கேபிளையும் உருவிவிடுங்கள், மின்னல் அந்த வழியாகவும் வரும்.

லேப்டாப்பைத் திறப்பது வேறு கதை, முதல் முயற்சிக்கு அது வேண்டாம். மெத்தையிலும் தலையணையிலும் வைத்து அடியில் உள்ள காற்றுத் துளைகளை மூடாமல் இருந்தாலே பாதி பராமரிப்பு முடிந்தது. டச்பேட் மேலெழும்பினாலோ, அடிப்பக்கம் உப்பினாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது. உடனே அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள், அழுத்தவோ குத்தவோ கூடாது, சர்வீஸில் கொடுத்து மாற்றுங்கள்.

கடைசியாக ஹார்ட் டிஸ்க்

ஹார்ட் டிஸ்க்கைச் சுத்தம் செய்ய முடியாது, அதன் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் முடியும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில், டிஸ்க் தானே எழுதி வைத்திருக்கும் ஸ்மார்ட் குறிப்புகளைப் படிக்கலாம். நிறைய வரிசைகளைப் பார்த்து மலைக்க வேண்டாம், ஹார்ட் டிஸ்க்குக்கு மூன்று போதும். 05 என்பது பழுதாகி ஒதுக்கப்பட்ட இடங்கள், சி5 என்பது படிக்கச் சிரமப்படும் இடங்கள். இவற்றின் அசல் மதிப்பு சுழியமாக இருக்க வேண்டும். மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போனால், அன்றே எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குங்கள். சி7 மட்டும் ஏறுகிறது என்றால் டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் தகவல் சிதைகிறது என்று அர்த்தம், முதலில் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள்.