பேச வரும் ஓவியரின் கையைப் பாருங்கள்

நாம் உயிராய் நினைக்கிற கலையில் ஊறிய ஒருவர் நம் வகுப்புக்கோ குழுவுக்கோ பேச வந்தால் அன்றிரவு தூக்கம் பிடிக்காது. விடிந்ததும் பெரிய தாளாக விரித்து வரையத் தோன்றும். அடுத்த வாரம் அந்தச் சூடு ஆறிவிடும். ஆறுவதற்குள் அதை வேலையாக மாற்றிக்கொள்ள நான் கைக்கொள்ளும் வழிகளைச் சொல்கிறேன். என் உலகம் வாட்டர் கலர். உங்களுடையது வேறானால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

வருகிறவரின் படங்களை முன்பே பார்த்துவிடுங்கள். விருதுப் பட்டியலைத் தேடிப் படிக்க வேண்டியதில்லை, அறிமுக உரையில் அது எப்படியும் நீளமாக வரும். ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, எதை முதலில் பூசியிருப்பார், எங்கே தாளின் வெள்ளையை விட்டுவைத்திருக்கிறார், எந்த விளிம்பைக் கரைத்திருக்கிறார் என்று ஊகித்து எழுதுங்கள். ஊகம் தப்பினால் இன்னும் நல்லது. அவர் வரைந்து காட்டும்போது கவனம் தானாகவே அந்த இடத்தில் போய் நிற்கும்.

அவர் வலக்கையால் வரைபவர் என்றால் அவருக்கு இடப்பக்கமாக உட்காருங்கள். கை படத்தை மறைக்காது.

வாய் சொல்வதைவிடக் கை செய்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். தேர்ந்த ஓவியர்கள் தாங்கள் செய்வதில் பாதியைச் சொல்வதில்லை. ஒளிக்க வேண்டும் என்று இல்லை. பழகிப்போனது அவர்கள் கண்ணுக்கே தெரிவதில்லை. தண்ணீரில் நனைத்த பிரஷைத் துணியில் எத்தனை முறை ஒற்றுகிறார்? பலகையை எவ்வளவு சாய்த்திருக்கிறார்? ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறார்? வாட்டர் கலரில் பாதி வித்தை அந்தச் சும்மா இருப்பதில்தான். தாள் பளபளவென்று ஈரமாக இருக்கும்போது தொட்டால் நிறம் மெதுவாகப் பரவும். பளபளப்பு மங்கிய பிறகு நீர் சொட்டும் பிரஷை வைத்தால் காலிஃப்ளவர் என்று ஓவியர்கள் சொல்லும் திட்டு விழும். அவர் எந்தக் கணத்தில் தொடுகிறார் என்பதை எந்தப் பேச்சும் சொல்லித் தராது.

கேள்வி நேரத்தில் “உந்துதல் எங்கிருந்து வருகிறது?” என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அழகான, ஒன்றுக்கும் உதவாத பதில் கிடைக்கும். “அந்த நிழலை ஏன் இரண்டு பூச்சாகப் போட்டீர்கள்?” என்று கேளுங்கள். நிறத்தைப் பற்றிக் கேட்பதானால் நிறமி எண்ணைக் கேளுங்கள், அதாவது உள்ளே எந்த நிறப்பொடி இருக்கிறது என்று குழாயில் அச்சிட்டிருக்கும் குறியீட்டை. பிபி29 (PB29) என்று போட்டிருந்தால் எந்தக் கம்பெனிக் குழாயானாலும் அது அல்ட்ராமரீன் என்ற நீலம்தான். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு அப்படியில்லை: சிலவற்றில் பிபிஆர்7 (PBr7) இருக்கும், சிலவற்றில் பிஆர்101 (PR101). அல்ட்ராமரீனோடு கலந்து அவர் எடுத்த அந்தச் சாம்பல் நிறம் உங்களுக்கு வராமல் போக இதுவே காரணமாக இருக்கலாம்.

அவர் வைத்திருந்த பிரஷை வாங்க ஓடாதீர்கள். தாளில் மட்டும் நான் கறார். அவர் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) பருத்தித் தாளில் ஈரத்தோடு விளையாடியதை மெல்லிய மரக்கூழ்த் தாளில் செய்யப் பார்த்தால், தாள் சீக்கிரம் உலர்ந்து நெளிந்துவிடும். குறை கையில் இருக்காது.

வீடு திரும்பிய அன்றே, பார்த்ததில் ஒரே ஒரு உத்தியை உள்ளங்கை அளவுச் சதுரங்களில் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். முழுப் படம் இப்போது வேண்டாம். பிறகு அவருடைய படம் ஒன்றை நகலெடுத்துப் பழகலாம். அது உங்கள் நோட்டோடு இருக்கட்டும், கையெழுத்துப் போட்டுக் காட்சிக்கு வைக்காதீர்கள். அதற்கடுத்து, அதே உத்தியை அவர் தொடாத பொருளுக்குக் கொண்டுபோங்கள். அவர் கடல் வரைபவரா? நீங்கள் கசங்கிய படுக்கை விரிப்பை வரையுங்கள்.

ஒரு மாதம் கழித்து அவருக்கு எழுதுங்கள். “பேச்சு அருமை” என்று பலரும் சொல்லியிருப்பார்கள். எந்த உத்தியை எதில் முயன்றீர்கள் என்று இரண்டு வரி, கூடவே படம் ஒன்று, போதும். கருத்துச் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டாம். சொல்லத் தோன்றினால் அவரே சொல்வார்.