உணவு ஒவ்வாமையோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விடுமுறையில் போகும் குடும்பங்கள் நுளம்புக்கும் கிணற்றுத் தண்ணீருக்கும் பயப்படுகிற அளவுக்கு மாமி வீட்டுக் குசினிக்குப் பயப்படுவதில்லை. உணவு ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் வரும். கடையில் பிடிக்காததை ஒதுக்கிவிட்டு எழுந்து போகலாம். விடியமுன் எழும்பி உங்களுக்கென்றே சமைத்தவரிடம் அது முடியாது. அதனால் விஷயத்தை விமானம் ஏறுமுன்பே தொலைபேசியில் பேசிவிடுங்கள்.

அதற்கும் முன்னால், இருப்பது உண்மையில் ஒவ்வாமையா என்று தெளிவாக வேண்டும். பால் குடித்தால் வயிறு ஊதி, வயிற்றோட்டம் போகிறதென்றால் அநேகமாக அது பாலிலுள்ள சர்க்கரை செரிக்காத கோளாறு. தொல்லைதான், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. ஒவ்வாமை என்பது உடலின் எதிர்ப்புச் சக்தி ஓர் உணவுப் புரதத்தை எதிரியாகக் கொள்வது. தின்ற சில நிமிடங்களிலிருந்து 2 மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, இழுப்பு என்று அது வெளிப்படும். எதைத் தின்றார், எவ்வளவு நேரத்தில் என்ன நடந்தது என்ற வரலாறுதான் மருத்துவருக்கு முதல் சான்று. தோலில் குத்திப் பார்க்கும் சோதனையும் இரத்தச் சோதனையும் அதற்குப் பின்னால்தான் வரும். சோதனையில் எண் கூடியிருப்பதை மட்டும் வைத்து ஒவ்வாமை என்று முடிவு கட்டுவது தவறு. பிரச்சினையின்றித் தின்றுவரும் உணவுக்கும் எண் கூடலாம். சந்தேகம் தீராவிட்டால் மருத்துவர் கண்முன்னே சிறிது சிறிதாகத் தின்னக் கொடுத்துப் பார்ப்பார்கள். அதை அம்மம்மா வீட்டுத் திண்ணையில் செய்து பார்க்கும் எண்ணம் வேண்டவே வேண்டாம்.

கடும் ஒவ்வாமை உள்ளவர், அவசரத்தில் தாமே போட்டுக்கொள்ளக்கூடிய அட்ரினலின் ஊசிப் பேனா இரண்டையாவது கொண்டுபோக வேண்டும். ஊரில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பாதீர்கள். அங்குள்ள மருத்துவமனைகளில் அட்ரினலின் உண்டு, ஆனால் அது மருத்துவர் போடும் குப்பி மருந்து. காலாவதித் திகதியைப் பாருங்கள். குழந்தையின் எடையையும் பாருங்கள். போன முறை வாங்கிய 0.15 மில்லிகிராம் பேனா, 30 கிலோவைத் தாண்டிவிட்ட பிள்ளைக்குப் போதாது. மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி, பேனாவோடு கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் வெயில் இந்த மருந்துக்கு ஆகாது. 25 பாகைக்குக் கீழே வைக்கச் சொல்லியிருக்கும் பொருளை, கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரைக்கும் வான் வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே போட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வெப்பம் தாங்கும் சிறு பையில் வைத்து உங்களோடேயே வைத்திருங்கள். குளிர்பெட்டியும் கூடாது, ஐஸ்கட்டிமேல் வைப்பதும் கூடாது. பேனாவின் சிறு ஜன்னல் வழியே பார்த்தால் மருந்து தெளிவாக இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தால் அதை நம்ப வேண்டாம்.

இனிக் குசினி. "இதில் கச்சான் இருக்கிறதா?" என்று கேட்டால், உங்களை மனம் நோகவிடக் கூடாதென்று "இல்லைப் பிள்ளை" என்ற பதில் வந்துவிடும். "என்னென்ன போட்டீர்கள், எந்த எண்ணெயில் பொரித்தீர்கள்?" என்று கேளுங்கள். சமைத்தவர் ஆசையோடு ஒவ்வொன்றாகச் சொல்லுவார், தேவையானது அதற்குள் வந்துவிடும். எள் ஒவ்வாதவர்கள் இதில் மிகுந்த கவனமாயிருக்க வேண்டும். பலருடைய வீட்டில் நல்லெண்ணெய்தான் சமையல் எண்ணெய். செக்கில் ஆட்டிய எண்ணெயில் எள்ளின் புரதம் தங்கியிருக்கும். முறுக்கிலும் எள் இருக்கும். மிக்சரில் கச்சான் இருக்கும்.

கோதுமை கூடாதவர்கள் இடியப்பத்தை அரிசி என்று கண்ணை மூடிக்கொண்டு தின்றுவிடுகிறார்கள். பல வீடுகளில் இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் அவித்த கோதுமை மாவையும் சேர்ப்பார்கள், தோசை மாவிலும் அது கலந்திருக்கலாம். கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு இருக்கும். மீன் ஆகாதவர்களுக்கு சம்பல்தான் பொறி. சீனிச் சம்பலிலும் கட்டாச் சம்பலிலும் மாசிக் கருவாடு உண்டு, பேக்கரிப் பணிசுக்குள் வைத்திருப்பதும் அந்தச் சம்பலாக இருக்கலாம். ஒடியல் கூழைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. நண்டு, இறால், மீன் எல்லாம் ஒரே சட்டிக்குள்! சைவக் கடையில் மீனும் முட்டையும் இராது என்பது ஆறுதல். ஆனால் பாலும் கஜுவும் கடுகும் அங்கே தாராளம். கோயில் சர்க்கரைப் பொங்கலிலும் பாலும் கஜுவும் இருக்கும்.

மற்றவர்களுக்குச் சமைத்த அதே அகப்பையால் பிள்ளையின் தட்டில் பரிமாறினால், நீங்கள் தனியாகச் சமைக்கச் சொன்னதெல்லாம் வீண். ஒரு சட்டி, ஓர் அகப்பை, ஒரு பொரிக்கும் தாச்சி ஆகியவற்றைப் பிள்ளைக்கென்று ஒதுக்கச் சொல்லுங்கள். அதற்கு யாரும் கோபிப்பதில்லை. கோபம் வருவது "அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான் இந்த வருத்தம் எல்லாம்" என்ற பேச்சு தொடங்கும்போதுதான். பலர் இதைக் கிரந்தி என்று எடுத்துக்கொள்வார்கள், கொஞ்சம் தின்றால் சொறிந்துவிட்டுப் போகும் என்பார்கள். வாதாட வேண்டாம். "மூச்சு நின்று போன பிள்ளை, ஆஸ்பத்திரியில் கிடந்தது" என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அதற்கு மேல் யாரும் ஊட்டிவிடத் துணிய மாட்டார்கள்.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கச்சான் கடைகள் வரிசையாக நிற்கும். மணலில் வறுபடும் வாசனைக்கு ஒவ்வாமை வந்துவிடும் என்று பலர் வீட்டிலேயே அடைந்துகிடக்கிறார்கள். வாசனையால் மட்டும் கடும் எதிர்வினை வருவது மிக அரிது. தின்றால்தான் ஆபத்து. கைகழுவத் தண்ணீரும் சவர்க்காரமும் எடுத்துக்கொண்டு போய் வாருங்கள். தண்ணீரில்லாத ஜெல் கச்சான் புரதத்தை அகற்றாது.

இன்னொன்றையும் அறிந்திருங்கள். சூரை போன்ற மீன் வெயிலில் கிடந்து சற்றுப் பழுதானால் அதில் ஹிஸ்டமின் உருவாகும், சமைத்தாலும் போகாது. தின்றதும் முகம் சிவந்து, அரித்து, தலை இடித்து, ஒவ்வாமை போலவே இருக்கும். சேர்ந்து தின்ற நாலு பேருக்கும் வந்தால் பெரும்பாலும் அதுதான். ஆனாலும் மூச்சுத் திணறினால் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் ஊசி போடுங்கள்.

குரல் அடைத்தல், இழுப்பு, மயக்கம், தோல் தடிப்போடு சேர்ந்த தொடர் வாந்தி ஆகியவற்றில் ஏதும் கண்டால் தொடையின் வெளிப்புறத்தில் ஊசியை உடனே ஏற்றவும். ஆடைக்கு மேலாலும் போடலாம். அலர்ஜிக் குளிசை அதற்கு மாற்றில்லை. கால்களைச் சற்று உயர்த்திப் படுக்க வையுங்கள், மூச்சு வாங்கினால் உட்கார வையுங்கள். சட்டென்று எழுந்து நிற்கவோ நடக்கவோ விடாதீர்கள். 5 நிமிடத்தில் தேறாவிட்டால் இரண்டாவது ஊசி. 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்பியுலன்ஸ் இலவசம். வடக்கில் 2018 முதல் ஓடுகிறது. யாழ் போதனா வைத்தியசாலைக்கு வெகு தூரத்தில் இருந்தால், அருகிலுள்ள ஆதார வைத்தியசாலை எது, எத்தனை நிமிடம் என்று வந்திறங்கிய அன்றே கேட்டுவையுங்கள். நெடுந்தீவுக்குப் படகேறும் நாளில் இரண்டு பேனாவும் பையில் இருக்கின்றனவா என்று குறிகாட்டுவான் துறையிலேயே பாருங்கள்.

ஊசி வேலை செய்து பிள்ளை சிரித்தாலும் வைத்தியசாலைக்குப் போயே ஆக வேண்டும், சில மணி நேரத்தில் எதிர்வினை திரும்ப வரலாம். அங்கே எழுதித் தரும் துண்டுச் சீட்டை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். ஒரு பேனா செலவாகிவிட்டால், அடுத்த கிழமை வெளிநாட்டிலிருந்து யார் ஊருக்கு வருகிறார்கள் என்று உறவினரிடம் விசாரித்து, புதிய பேனாவைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அது வந்து சேரும்வரை தீவுப் பயணத்தையும் தூரத்துக் கல்யாணத்தையும் தள்ளிவையுங்கள்.