டியர்-ஆஃப் மெனு: கழற்றிய பிறகு வரும் தவறுகள்

டியர்-ஆஃப் மெனு என்பது மேல்பட்டையிலிருந்து கழற்றித் தனி ஜன்னலாகத் திரையில் விட்டுவைக்கக்கூடிய மெனு. அதைப் புதிதாக எழுதியவர்கள் கழற்றிக் காட்டுகிறார்கள். மெனு தனி ஜன்னலாக மிதக்கிறது, சொடுக்கினால் கட்டளை ஓடுகிறது, வேலை முடிந்தது என்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அங்கேதான் நிறுத்தினேன். அண்மையில் மூன்று பேர் அதே இடத்தில் நிறுத்துவதைப் பார்த்ததால் இதை எழுதுகிறேன். மூடும் பொத்தானை மறப்பது, தலைப்பில்லாமல் விடுவது போன்றவை முதல் நாளே கண்ணில் பட்டுவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

திறக்கும்போது மட்டும் புதுப்பிப்பது

சாதாரண மெனுவின் ஆயுள் சில நொடிகள். திறக்கும் கணத்தில் எந்தக் கட்டளை இயங்கும், எது மங்கலாக இருக்க வேண்டும் என்று கணக்கிட்டால் போதும். ஜன்னலும் மெனுவும் கட்ட உதவும் நிரல் கருவிகளில் மெனு திறக்கும்முன் நம் நிரலை ஓட்ட வழி உண்டு: டிகே-யில் போஸ்ட்கமாண்டும் க்யூட்டியில் அபவுட்டுஷோ சிக்னலும் அதற்குத்தான் இருக்கின்றன. கழற்றிய மெனுவோ காலையில் திறந்தால் மாலைவரை திரையில் நிற்கும். அதற்குள் பயனர் நூறு முறை தேர்வை மாற்றியிருப்பார். மெனு மட்டும் காலை நிலவரத்தையே காட்டிக்கொண்டிருக்கும்.

டிகே-யில் நான் எழுதிய ஒரு படத் தொகுப்பு நிரலில் இது நடந்தது. ஒரு பயனர் லேயர் மெனுவைக் கழற்றி ஓரத்தில் வைத்திருந்தார். பூட்டிய லேயரைத் தேர்ந்த பிறகும் ‘லேயரை நீக்கு’ மங்கவில்லை. கைதவறிச் சொடுக்கினார், லேயர் போனது. கவனிக்காமல் கோப்பையும் சேமித்துவிட்டார்.

புகார் வந்ததும் மெனுவைக் கழற்றினேன், பூட்டிய லேயரைத் தேர்ந்தேன், ஒப்பிட்டுப் பார்க்க மேல்பட்டையில் இருந்த மூல மெனுவையும் திறந்தேன். இரண்டும் சரியாக இருந்தன. என் கணினியில் பிழை இல்லை என்று பதில் எழுதினேன். இரண்டு வாரம் கழித்துத்தான் புரிந்தது: மூல மெனுவைத் திறந்ததுமே போஸ்ட்கமாண்ட் ஓடி, கழற்றிய பிரதியையும் திருத்திவிட்டது. சோதிக்கப் போன என் கையே பிழையை மறைத்திருக்கிறது. அந்த இரண்டு வாரம் இன்றும் உறுத்துகிறது.

கருவிகளில் குறையில்லை. மோட்டிஃப் என்ற இன்னொரு கருவி அதே மெனுப் பலகையையே வேறு ஜன்னலுக்கு இடம்மாற்றுகிறது. டிகே ஒரு பிரதி எடுத்து, மூலத்தில் செய்யும் மாற்றத்தை அதற்கும் கடத்துகிறது. க்யூட்டியின் பிரதி, கட்டளைகளைக் குறிக்கும் அதே க்யூஆக்‌ஷன்களைப் பகிர்ந்துகொள்கிறது. மூன்றிலும் நாம் மாற்றினால் அது போய்ச்சேரும். நாம் மாற்றும் நேரம்தான் தப்பு. தேர்வு மாறும் இடத்திலேயே கட்டளையின் நிலையை மாற்றுங்கள். கட்டளை ஓடும் இடத்திலும் ஒரு முறை சரிபாருங்கள். மங்கலான எழுத்து பாதுகாப்பு ஆகாது. சோதிக்கும்போது மூல மெனுவைத் தொடாதீர்கள்.

பொத்தான்கள் வைத்த தனி ஜன்னலைக் கையால் கட்டி, அதை டியர்-ஆஃப் என்று அழைப்பவர்களும் உண்டு. அந்த வழியில் எந்த மாற்றமும் தானாகப் போகாது, ஒவ்வொன்றையும் நீங்களே கடத்த வேண்டும். 1987-இல் வந்த ஆப்பிளின் ஹைப்பர்கார்டு நிரலில் கருவிகள், வடிவங்கள் ஆகிய இரண்டு மெனுக்களைக் கழற்ற முடிந்தது. அவை கழற்றுவதற்கென்றே அமைந்தவை என்பேன்: எதைத் தேர்ந்திருந்தாலும் தூரிகை தூரிகைதான். தேர்வுக்கேற்ப மாறும் மெனுவைக் கழற்ற விடும்முன் யோசியுங்கள்.

டிகே-யில் எண்ணால் அழைப்பது

டிகே மெனு வரிகளை 0-இலிருந்து எண்ணுகிறது. டியர்-ஆஃப் இருக்கும்போது 0 என்பது மெனுவைக் கழற்றச் சொடுக்கும் புள்ளிக்கோடு. முதல் கட்டளை 1. பின்னால் யாராவது டியர்-ஆஃப்பை அணைத்தால் எல்லா எண்ணும் ஒன்று நகரும். ‘சேமி’ என்று நினைத்து அதற்கடுத்த கட்டளையை மங்கலாக்குவீர்கள். பெயரால் அழையுங்கள்.

ஜன்னலின் இடத்தை நம்புவது

லினக்ஸ் போன்றவற்றில் ஜன்னல்களைத் திரையில் காட்டும் எக்ஸ்11-இல் கழற்றிய மெனுவுக்கென்றே ஒரு ஜன்னல் வகை உண்டு. அதைக் குறித்தால் ஜன்னல் மேலாளர் அடையாளம் கண்டுகொள்ளும். அதற்குப் பின் வந்த வேலண்டில் சாதாரண ஜன்னலைத் திரையின் இன்ன புள்ளியில் வை என்று நிரல் சொல்ல முடியாது. பழைய இடத்தை நினைவில் வைத்து மீட்கும் நிரல் அங்கே செல்லாது.

ஜிடிகே-யில் புதிதாகத் தொடங்குவது

வேண்டாம். ஜிடிகே-யும் டிகே போன்ற கருவிதான், ஆனால் அதன் 4-ஆம் பதிப்பில் டியர்-ஆஃப் இல்லை.

ஆவணம் போன பிறகும் மெனுவை விட்டுவைப்பது

ஆவணத்தோடு சேர்த்து மூடுங்கள். க்யூட்டியில், கழற்றிய மெனுவை மறைக்கும் ஹைட்டியர்ஆஃப்மெனு அதற்கு உதவும்.