தசமப் பெருக்கல்: உத்தேசம் முதலில், விதி கடைசியில்

பிள்ளைகளுக்குத் தசம எண்களைப் பெருக்கச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் பெரும்பாலோர் நேராக ஒரு விதிக்குத்தான் போவார்கள். புள்ளியை மறந்துவிட்டு முழு எண் மாதிரிப் பெருக்கு, அப்புறம் இரண்டு எண்களிலும் புள்ளிக்குப் பின்னால் மொத்தம் எத்தனை இலக்கம் என்று எண்ணு, விடையில் வலப்பக்கத்திலிருந்து அத்தனை இலக்கம் தள்ளிப் புள்ளி வை. விதி சரிதான். ஆனால் முதல் நாளே இதைக் கொடுத்துவிட்டால் 4.5 × 1.2 என்ற கணக்குக்கு 0.54 என்று எழுதிவிட்டு நிம்மதியாக அடுத்ததற்குப் போய்விடுவார்கள். 45 × 12 = 540, கடைசிப் பூஜ்ஜியத்துக்கு மதிப்பில்லை என்று எப்போதோ கேட்டது நினைவுக்கு வந்து முதலிலேயே அதைத் தூக்கிப் போட்டாயிற்று, மிச்சம் 54-இல் இரண்டு இலக்கம் தள்ளிப் புள்ளி. நாலரையை ஒன்றைவிடப் பெரிய எண்ணால் பெருக்கி எப்படி அரைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறோம் என்ற சந்தேகமே வராது, ஏனென்றால் எண்ணை யாரும் பார்க்கவில்லை, இலக்கத்தைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அதனால் வரிசையை மாற்றுங்கள்.

பெருக்கலுக்கு முன்னால் ஒரு சின்ன வேலை. 0.35 என்பதை ‘புள்ளி முப்பத்தைந்து’ என்று படிக்க விடாதீர்கள், ‘புள்ளி மூன்று ஐந்து’. முப்பத்தைந்து என்று படித்துப் பழகியவர்களுக்கு 0.35 பெரியதா 0.4 பெரியதா என்று கேட்டுப் பாருங்கள், பலரும் 0.35 என்பார்கள். அது சரியாகாமல் உத்தேசம் போடவே முடியாது.

அடுத்ததுதான் உண்மையான முட்டுக்கட்டை. பெருக்கினால் எண் பெருகும் என்று இரண்டாம் வகுப்பிலிருந்து மனதில் ஊறிப்போயிருக்கிறது. 60 × 0.5 என்று எழுதிக் காட்டி, இது அறுபதில் பாதி, 30, என்று சொல்லுங்கள். அப்புறம் 60 × 0.25, அறுபதில் கால் பங்கு, 15. இப்படி வாய்க்கணக்காகவே ஒரு வாரம் ஓட்டலாம், பேப்பரே வேண்டாம். ஒன்றைவிடச் சிறிய எண்ணால் பெருக்கினால் விடை குறையும், ஒன்றைவிடப் பெரிய எண்ணால் பெருக்கினால் கூடும், ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தால் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். ‘கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா’ என்ற இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் எந்தக் கணக்கையும் தொடக் கூடாது என்று வைத்துக்கொண்டால் போதும், பாதித் தப்புகள் அங்கேயே மாட்டிவிடும்.

இப்போது உத்தேசம். பள்ளியில் சொல்வதுபோல் அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றுவது 6.8 × 4.3 மாதிரிக் கணக்குகளுக்குப் பொருந்தும், 7 × 4 = 28, சரியான விடை 29.24. ஆனால் 0.4 × 68 என்று வந்தால்? 0.4-ஐ அருகிலுள்ள முழு எண்ணாக்கினால் பூஜ்ஜியம், விடையும் பூஜ்ஜியம், உத்தேசமே போச்சு. இந்த இடத்தில் கால், அரை, முக்கால் கைகொடுக்கும். 0.4 அரைக்குக் கொஞ்சம் குறைவு, 68-இல் பாதி 34, ஆகவே விடை 34-க்குக் கீழே. (27.2.) காய்கறிக் கடைத் தராசில் 0.485 என்று எடை காட்டுகிறது, தக்காளி கிலோ 38 ரூபாய் என்றால், ஏறக்குறைய அரைக் கிலோ, ஏறக்குறைய நாற்பது ரூபாய், ஆக இருபதுக்குள். கூட்டியும் குறைத்தும் பார்க்கச் சொல்லுங்கள்: இரண்டையுமே மேலே தள்ளினோம், அதனால் உண்மை விடை இருபதைவிடக் கட்டாயம் குறையும். 18.43 வரும். ஒன்றை மேலேயும் ஒன்றைக் கீழேயும் தள்ளினால் பெரும்பாலும் விடைக்கு நெருக்கமாகவே வந்து நிற்கும், எந்தப் பக்கம் என்றுதான் உடனே சொல்ல முடியாது.

இது கைவந்த பிறகு ஒரு விளையாட்டு. இலக்கங்களை நீங்களே கொடுத்துவிடுங்கள், புள்ளி வைப்பது மட்டும் அவர்கள் வேலை. 24 × 31 = 744 என்று சொல்லிவிட்டு, 2.4 × 3.1 எவ்வளவு? இரண்டு மூன்று ஆறு, ஆகவே 7.44. சரி, 0.24 × 31? முப்பதில் கால் பங்கு ஏழரை, மறுபடியும் 7.44. 24 × 0.31? அதுவும் 7.44! ஏன் மூன்றும் ஒன்றே என்று அவர்களே கேட்கும் வரை வாயைத் திறக்காமல் இருப்பது நமக்குக் கஷ்டம்தான், ஆனால் இருங்கள். இரண்டு எண்களிலும் சேர்த்துப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் என்பதை அவர்களாகக் கண்டுபிடித்தால் அந்த விதி மறக்காது.

விதி ஏன் வேலை செய்கிறது என்பதற்குக் கிராஃப் நோட்டு. 10 × 10 கட்டம் ஒன்றை எடுத்து, மொத்தச் சதுரமும் 1 என்று வையுங்கள், அப்போது ஒரு சின்னக் கட்டம் 0.01. ஒரு பக்கம் 0.3, இன்னொரு பக்கம் 0.4 எடுத்து நிழலடித்தால் 12 கட்டம், அதாவது 0.12. பிள்ளைகள் இதற்கு 1.2 என்றுதான் அதிகம் எழுதுவார்கள், 0.3 + 0.4-க்கு ஓர் இடம் வைத்த பழக்கம். நிழல் விழுந்த பகுதி முழுச் சதுரத்துக்குள்தானே இருக்கிறது, அப்புறம் எப்படி 1-ஐத் தாண்டும் என்று கேளுங்கள்.

உத்தேசத்தால் பிடிக்க முடியாத தப்பு ஒன்றும் உண்டு. 2.3 × 4.2-க்கு, இரண்டு நாலு எட்டு, மூன்று இரண்டு ஆறு, ஆக 8.6 என்று எழுதுவார்கள். உத்தேசம் 8, விடை 8.6, பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. இங்கே செவ்வகம் வரைந்து நான்கு துண்டாக வெட்டிக் காட்ட வேண்டும்: 2 × 4 = 8, 2 × 0.2 = 0.4, 0.3 × 4 = 1.2, 0.3 × 0.2 = 0.06. கூட்டினால் 9.66. நடுவிலிருக்கிற இரண்டு துண்டுகளை விட்டுவிட்டோம் என்பது கண்ணுக்கே தெரியும், வாயால் எவ்வளவு விளக்கினாலும் இந்த அளவுக்கு ஏறாது. பூஜ்ஜியங்களையும் இந்தக் கட்டத்தில் பார்த்துவிடுங்கள்: 0.02 × 0.3-இல் 2 × 3 = 6, மூன்று இலக்கம் தள்ள வேண்டும், இருப்பதோ ஒன்று, ஆக முன்னால் நிரப்பி 0.006. கடைசிப் பூஜ்ஜியத்தை எடுப்பதென்றால் புள்ளி வைத்த பிறகுதான்.

உதாரணம் தேர்ந்தெடுப்பதில் ஓர் எச்சரிக்கை. கிரிக்கெட் வேண்டாம்! 4.3 ஓவர் என்பது நாலு ஓவரும் மூன்று பந்தும், ஓவருக்கு ஆறு பந்து, ஆகவே உண்மையில் நாலரை ஓவர். ஓவருக்கு 8 ரன் என்றால் 36, ஆனால் 4.3 × 8 போட்டால் 34.4 என்று வரும், இருக்கிற குழப்பம் போதாதென்று இதுவும் சேரும். 1.30 மணி நேரமும் அப்படியே, அது 1.3 மணி நேரம் இல்லை. ஜாக்கெட் துணி எடுக்கலாம், மீட்டர் 250 ரூபாய், 0.8 மீட்டர், 200 ரூபாய். பெட்ரோல் பங்க் இன்னும் நல்லது. லிட்டர் 100.80 என்று வைத்துக்கொள்வோம், 300 ரூபாய்க்குப் போட்டால் ரசீதில் 2.98 லிட்டர் என்று இருக்கும். மூன்று நூறு முந்நூறு, உத்தேசம் ஒத்துப்போகிறது. பெருக்கிப் பார்த்தால் 300.384. மிச்சம் 38 பைசா எங்கிருந்து வந்தது என்று ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். லிட்டரை இரண்டு தசம இடத்தோடு நிறுத்தும்போது 2.976-ஐ 2.98 ஆக்கிவிட்டார்கள், அந்த வித்தியாசம்தான் ரூபாயில் தெரிகிறது.

நாளைக்கு ஐந்து கணக்குப் போதும். ஒவ்வொன்றிலும் உத்தேசத்தை முதலில் பேனாவால் எழுதிவிட வேண்டும், பென்சில் கூடாது, இல்லாவிட்டால் விடை வந்த பிறகு உத்தேசத்தைத் திருத்தி அழகாகப் பொருத்திவிடுவார்கள். கால்குலேட்டர் கொடுக்கலாமா என்று கேட்டால், உத்தேசம் எழுதியாயிற்று என்றால் தாராளமாகக் கொடுங்கள்.