பழைய காருக்கு ஸ்பிரிங்: எக்ஸ்ட்ரா பிளேட் போடறதுக்கு முன்னாடி

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கண்டெய்னர் லாரி போய்ப்போய் விழுந்த பள்ளத்துல அம்பாசடரோ பத்மினியோ ஓட்டுறவங்க பட்டறைக்குப் போனதும், "இன்னாண்ணே, பின்னாடி ஸ்பிரிங்ல ஒரு பிளேட் எக்ஸ்ட்ரா போட்ரலாமா"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. வேணாம். பள்ளமான ரோட்டுக்குத் தேவை சக்கரம் மேலகீழ நல்லா போய்வர்றது, ஸ்பிரிங் டைட்டானா சக்கரம் குதிச்சுக் குதிச்சு போகும், அடி மொத்தமும் பாடிக்கும் உங்க முதுகுக்கும்தான் வரும், அந்த ஸ்பிரிங் திருப்பித் தள்ளுற வேகத்தை பழைய ஷாக் அப்சார்பர் தாங்கவும் தாங்காது.

முதல்ல உயரத்தை அளங்க. சமதரை, டயர்ல சரியான காத்து, வண்டியை ரெண்டு தடவை அமுக்கி விட்டு கொஞ்சம் முன்பின் உருட்டிட்டு, சக்கரத்தோட நடுவுலேந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் நாலு பக்கமும். வலது பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தா ஆச்சரியமில்ல, டிரைவர் தனியாவே ஓட்டுன வண்டி அப்படித்தான் இருக்கும். சத்தம்தான் பிரச்சனைன்னா ஸ்பிரிங்கை விட்டுட்டு ஷேக்கிள் புஷ்ஷை, அதாவது ஸ்பிரிங் நுனியை பாடியோட சேர்க்கற எடத்து ரப்பரைப் பாருங்க, பாதி கேஸ் அதுலயே முடிஞ்சிடும்.

லீஃப் ஸ்பிரிங், அதாவது இரும்புப் பட்டைங்களை (பிளேட்) அடுக்கிக் கட்டின ஸ்பிரிங் வாங்குறப்போ பிளேட் எண்ணிக்கையை மட்டும் பாக்காதீங்க, தடிமன்தான் முக்கியம், 6 மில்லிமீட்டர் இருந்த எடத்துல 7 போட்டா அந்த பிளேட் கிட்டத்தட்ட 60 சதவீதம் கடினமாயிடும். காயில்லயும் (சுருள் ஸ்பிரிங்) இதே கதைதான், கம்பி 12 மில்லிமீட்டர்லேந்து 13 ஆனாலே கடினம் கிட்டத்தட்ட 38 சதவீதம் ஏறும். காயிலை வெட்டினாலும் டைட்டுதான் ஆகும், உயரமும் போயிடும். பழைய பிளேட்டை கேஸ் வச்சு சூடு பண்ணி வளைச்சுத் தர்றேன்னு சொன்னா ஓடிருங்க, டெம்பர் (எஃகோட உறுதி) போயிடும், கொஞ்ச நாள்ல திரும்ப தொங்கும். ஒடைஞ்ச பிளேட்டுக்கு வெல்டிங்னு பேச்சே எடுக்கக்கூடாது.

வண்டிக்கு வண்டி கணக்கு வேற. பத்மினிக்கு முன்னாடி காயில், பின்னாடி லீஃப். அம்பாசடருக்கு முன்னாடி டார்ஷன் பார் (முறுக்கிக்கிட்டு ஸ்பிரிங் வேலை செய்யற கம்பி), அதை அட்ஜஸ்ட் பண்ணா உயரம்தான் ஏறும், ஸ்பிரிங் கடினமாகாது, ஆனா அலைன்மென்ட் கண்டிப்பா பாக்கணும், ஓடின பாரை இடம் வலம் மாத்திப் போடாதீங்க. நம்ம மெட்ராஸ்லயே செஞ்ச ஸ்டாண்டர்டு ஹெரால்டுல பின்னாடி குறுக்கால ஒரே லீஃப் கட்டு, அதை ரொம்ப ஏத்தினா பின்சக்கரம் ரெண்டும் கீழ உள்பக்கமா மடங்கும், வளைவுல ஆபத்து.

காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் வண்டி நிக்குதுன்னா உப்புக்காத்துல பிளேட்டுக்கு நடுவுல துரு குழிகுழியா அரிக்கும், விரிசல் அங்கேந்துதான் ஆரம்பிக்கும், அந்த மாதிரி செகண்ட்ஹேண்ட் பிளேட் எவ்ளோ மலிவா கெடச்சாலும் வேணாம். எப்பவும் ஜோடியா மாத்துங்க. வண்டியை ஜாக்கியில தொங்கவிட்டு புஷ் போல்ட்டை முறுக்காம, சக்கரம் தரையில இருக்கறப்போ டைட் வைக்கச் சொல்லுங்க. ஒரு வாரம் ஓட்டிட்டு ஸ்பிரிங்கை ஆக்ஸிலோட கட்டுற யூ போல்ட்டை இன்னொரு தடவை பாருங்க, புது பிளேட் படிஞ்சதும் லூசாயிருக்கும்.